நூலில் கோத்த பேச்சு

பல்கலைக்கழக நூலகத்தின் கீழ்த்தளத்தில் வேலை பார்க்கும் அந்தப் பெண்மணியை எல்லோரும் பெட்டியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதவியின் பெயர் ஆவணக் காப்பாளர். படித்தது வேதியியல். ஆசிரியர் வேலைக்கு எழுதிப்போட்டுவிட்டுக் காத்திருந்த நாளில், மூன்று மாதத் தற்காலிக வேலை என்று சொல்லி இங்கே சேர்த்தார்கள். அந்த மூன்று மாதம் இருபத்தாறு வருடமாகியும் முடியவில்லை.

இறந்துபோனவர்களின் காகிதங்கள் வண்டியில் வந்து இறங்கும். அவள் பிரிப்பாள். தூசு தட்டுவாள். துருப்பிடித்த குண்டூசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றுவாள். அமிலம் சேராத உறைகளில் போட்டு, எந்த உறையில் என்ன இருக்கிறது என்று பட்டியல் எழுதி, பெட்டிக்கு எண் கொடுத்து அலமாரியில் ஏற்றுவாள். இதில் மாறாத விதி ஒன்று உண்டு. உரியவர் எந்த வரிசையில் வைத்திருந்தாரோ அந்த வரிசையைக் கலைக்கக் கூடாது.

வீட்டில் இதற்கு நேர்மாறு. ஒரு துண்டுக் காகிதத்தை இரண்டு நாள் விட்டுவைக்க மாட்டாள். லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவர் இதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார். "ஊரார் குப்பைக்கெல்லாம் உறை போட்டு எண் போடுறே. வாஷிங் மெஷின் வாரண்டி கார்டை மட்டும் கிழிச்சுப் போட்டுட்டியே, இது எந்த ஊரு நியாயம்?"

ஒரு திங்கட்கிழமை காலையில் எழுபத்தெட்டு அட்டைப்பெட்டிகள் வந்தன. இதே பல்கலைக்கழகத்தில் முப்பது வருடம் தாவரவியல் நடத்தி ஓய்வுபெற்ற பேராசிரியருடையவை. புல்வகைகளில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பார்கள். ஆனால் வளாகத்தில் அவரை யாரும் அதற்காக நினைவு வைத்திருக்கவில்லை. 'சீட்டு புரொபசர்' என்றால்தான் தெரியும். முப்பத்தோராம் வயதில் மூளைக்காய்ச்சல் வந்து இரண்டு காதும் அடியோடு போய்விட்டது. அதற்குப் பிறகும் அவர் வாயால்தான் பேசினார், வகுப்பெடுத்தார். அவரிடம் ஏதாவது சொல்லவேண்டும் என்றால் மட்டும் எதிரில் இருப்பவர் காகிதத்தில் எழுதிக் காட்ட வேண்டும். சட்டைப் பையில் எப்போதும் வெற்றுச் சீட்டும் ஒரு பென்சிலும் வைத்திருப்பார். எழுபத்தெட்டு வயதில் காலமானார். மனைவி அவருக்கு ஆறு வருடம் முன்பே போய்விட்டாள். வேறொரு ஊரில் இருக்கும் ஒரே மகள், நன்கொடைப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு, அடியில் ஒரு வரி சேர்த்திருந்தாள்: 'தேவையில்லாததைத் தூக்கிப் போட்டுவிடலாம்.'

நாற்பது பெட்டிகளில் அச்சான ஆராய்ச்சி இதழ்கள். பதினாறில் கடிதங்கள், கள ஆய்வுக் குறிப்பேடுகள், புகைப்படங்கள். மிச்சமிருந்த இருபத்திரண்டும் பிஸ்கட் கம்பெனிப் பெட்டிகள். முதல் பெட்டியைத் திறந்ததும், கத்தரிக்கோலை மேசையில் வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

உள்ளே மாலை மாலையாக ஏதோ சுருண்டு கிடந்தது. தடித்த வெள்ளை நூலில் கோத்த காகிதத் துண்டுகள். ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். ஒரு நூலுக்கு இருநூறு, முந்நூறு துண்டுகள் இருக்கும். நூலின் முனையில் ஒரு அட்டை. அதில் தாவர மாதிரிகளுக்கு எழுதுவது போலப் பொடி எழுத்தில் மாதமும் வருடமும்.

நூலக இயக்குநர் அன்று மதியம் இறங்கி வந்தார். கெட்டவர் இல்லை. மேற்குப்பக்க அறையில் கூரை ஒழுகி, ஆறாயிரம் புத்தகங்கள் தரையில் கிடந்தன. அந்தக் கவலை அவருக்கு. ஒரு மாலையை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"இது என்னம்மா, மளிகைக் கடைச் சீட்டா?"

"அவர்கிட்ட ஜனங்க எழுதிக் காட்டினது சார்."

"அதை ஏன் சேர்த்து வச்சாரு?"

"தெரியல சார்."

"கடிதங்களை வச்சுக்குங்க. இதழ்களை வச்சுக்குங்க. இதைக் காகித ஆலைக்கு அனுப்பிடுங்க. இடமில்லைங்கறது உங்களுக்கே தெரியும்."

"மூணு வாரம் குடுங்க சார்."

"எதுக்கு?"

"படிக்காம எதையும் வெளிய அனுப்பினதில்லை."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, மூணு வாரம். அதுக்கு மேல ஒரு நாள் கேட்கக் கூடாது."

மறுநாள் காலை எல்லா மாலைகளையும் வெளியே எடுத்து நீண்ட மேசைகளில் வரிசையாகப் பரப்பினாள். ஐந்நூற்று அறுபத்து நான்கு நூல்கள். நாற்பத்தேழு வருடம், மாதத்துக்கு ஒன்று. ஒரு மாதம்கூட விட்டுப்போகவில்லை.

ஆகப் பழைய நூலின் முதல் துண்டு, மருத்துவமனை மருந்துச் சீட்டின் பின்பக்கம். டாக்டரின் அவசரக் கையெழுத்து. 'காய்ச்சல் இறங்கிடுச்சு. உயிருக்கு இனி ஆபத்து இல்லை. காது திரும்பி வராது.'

இரண்டாவது துண்டில் வேறொரு கையெழுத்து, ழகரத்தின் வால் மட்டும் அடுத்த வரிவரை நீண்டிருக்கும் கையெழுத்து. 'கத்தாதீங்க. பக்கத்துப் படுக்கைக்காரங்க முழிச்சுக்குவாங்க.'

மூன்றாவதும் அதே கை. 'நீங்க கத்துறீங்க. உங்களுக்குத் தெரியல.'

நான்காவது: 'அழாதீங்க.'

பெட்டியக்கா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். அந்த மனிதர் சொன்ன ஒரு வார்த்தைகூட அங்கே இல்லை. அவர் சொன்னதெல்லாம் காற்றோடு போய்விட்டது. இருப்பது எதிராளியின் பேச்சு மட்டும். இருந்தும் அந்த நான்கு துண்டுகளுக்கு நடுவில் அவர் அலறியது அவள் காதில் விழுந்தது.

அந்த மூன்று வாரமும் அவள் மதியம் சாப்பிட மாடிக்குப் போகவில்லை. படித்தாள், படித்தாள், படித்துக்கொண்டே இருந்தாள்.

'சார், நாளைக்குப் பால் வராது. மாடு கன்னு போட்டிருக்கு.'

'இந்தச் செருப்பு இனிமே தைக்க லாயக்கில்லை. புதுசு வாங்குங்க.'

'பரீட்சையை ஒரு வாரம் தள்ளி வைக்க முடியுமா சார்? அக்கா கல்யாணம்.' அதன் கீழேயே, வேறு பேனாவில்: 'நிஜமாத்தான் சார்.' அதற்கும் கீழே: 'சரி சார், அக்கா இல்லை. சித்தி பொண்ணு.' நடுவில் பேராசிரியர் என்ன கேட்டிருப்பார் என்று நினைத்ததும் ஆளில்லாத அறையில் வாய்விட்டுச் சிரித்தாள்.

'இறங்க வேண்டிய ஸ்டாப் போயிடுச்சு பெரியவரே.' இது பஸ் டிக்கெட்டின் பின்னால்.

'நீங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்கன்னுதான் உங்ககிட்ட சொல்றேன்.' இதற்கு அடுத்த பதினேழு துண்டுகளைப் படித்த பெட்டியக்கா, எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். ஒரு பக்கத்து வீட்டுப் பெண், யாரிடமும் சொல்லாத துயரத்தையெல்லாம் அவரிடம் கொட்டியிருந்தாள்.

படிக்கப் படிக்க அவளுக்கு ஒரு விஷயம் உறைத்தது. இருபத்தாறு வருடத்தில் அவள் எத்தனையோ பெரியமனிதர்களின் கடிதங்களைப் பார்த்திருக்கிறாள். எல்லாரும் எழுதும்போது எழுத்துக்கென்று ஒரு சட்டை மாட்டிக்கொள்வார்கள். இங்கே அது கிடையாது. எதிரில் நிற்கிற ஆளிடம் வாயில் வந்ததை அப்படியே எழுதியிருந்தார்கள். பால்காரர், டீன், தபால்காரர், பல் டாக்டர், வாடகைக்காரர். சாதாரண ஜனங்கள் நாற்பது வருடத்துக்கு முன்னால் சமையலறையில் என்ன பேசினார்கள், எப்படிக் கோபித்தார்கள், எப்படிச் சமாதானம் ஆனார்கள் என்று எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? வாயைத் தாண்டினால் கரைந்துபோகிற ஒன்று. அது இங்கே ஒரு சொல் சிந்தாமல் நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. புல்லை உலர்த்தி ஒட்டிவைத்த அதே கை இதையும் செய்திருக்கிறது.

மூன்றாவது வார முடிவில் இயக்குநரின் அறைக்குப் போனாள்.

"சார், ஒரு யோசனை. அந்த நாற்பது பெட்டி ஆராய்ச்சி இதழ் இருக்கே, முப்பத்தெட்டு நம்ம நூலகத்துல ஏற்கெனவே இருக்கு. பைண்ட் பண்ணி ரெண்டாவது மாடியில நிக்குது. நான் ஒவ்வொண்ணா சரிபார்த்துட்டேன். அதை அனுப்பிட்டா இடம் கிடைச்சிடும்."

"அதாவது, ஆராய்ச்சியை வெளிய அனுப்பிட்டு மளிகைச் சீட்டை உள்ள வைக்கணும்ங்கறீங்க."

"இதழ் உலகம் பூரா இருக்கு சார். இது இங்க மட்டும்தான் இருக்கு."

காட்டுவதற்கென்று ஒரு நூலை அவள் கொண்டுவந்திருந்தாள். ஐந்து நிமிடம் புரட்டிப் பார்க்கிறேன் என்று வாங்கியவர், முக்கால் மணி நேரம் தலை நிமிரவில்லை. வாசலில் இரண்டு பேர் வந்து காத்துவிட்டுப் போனார்கள். கடைசியில் நூலைத் திருப்பிக் கொடுத்தபோது கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அந்த வாடகைக்காரர் காலி பண்ணினாரா இல்லையா?"

"அடுத்த மாசத்து நூல்ல இருக்கு சார்."

"கொண்டு வாங்க" என்றார்.

இப்படியாக அனுமதி கிடைத்தது. ஆனால் நூலை என்ன செய்வது? பழைய நூல் காகிதத்தை அறுத்துக்கொண்டிருந்தது. துளைகள் கிழிந்து பெரிதாகிக்கொண்டே போயின. நூலை அறுத்தால்தான் காகிதம் பிழைக்கும். அறுத்தால் வரிசை போய்விடும். யார் கேள்விக்கு யார் பதில் என்பது அந்த வரிசையில்தான் இருந்தது. கடைசியில் அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். அறுப்பதற்கு முன், மென்மையான பென்சிலால் ஒவ்வொரு துண்டின் பின்னாலும் ஒரு எண். நாளுக்கு ஐந்நூறு. பதினான்கு மாதம் பிடித்தது. நடுவில் கட்டைவிரல் வீங்கி ஒரு வாரம் விடுப்பு எடுத்தாள். மொத்தம் ஒரு லட்சத்து நாற்பதாயிரத்து முந்நூற்று அறுபத்திரண்டு துண்டுகள்.

அந்த வேலையில்தான் கையெழுத்துகள் அவளுக்கு முகமாயின. பெயர் தெரியாததால் அவளே பெயர் வைத்தாள்: பச்சை மை, சாய்வெழுத்து, பெருமூச்சுக்காரர் (ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னால் மூன்று புள்ளி வைப்பவர்). நீண்ட வால் ழகரம் மனைவி. அவள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் என்பது துண்டுகளிலேயே தெரிந்தது. பகலெல்லாம் முகம் தெரியாதவர்களோடு குரலில் பேசிவிட்டு, வீட்டுக்கு வந்து புருஷனிடம் கையால் பேசியிருக்கிறாள்.

ஏழாம் வருட நூல்களுக்கு வந்தது ஒரு மழைக்கால மதியம். அந்த வருடத்தில் மகளுக்கு ஐந்து வயது. அதுவரை வந்த அவள் சீட்டுகளெல்லாம் படம்: வட்டம், வட்டத்துக்குக் கால், ஒரு கோடு.

ஒரு நூலின் நடுவில், காலண்டர் தாளில் கிழித்த ஒரு துண்டு. தெரியாத கையெழுத்து. 'சார் கதவைத் திறங்க. உங்க பொண்ணு படிக்கட்டுல விழுந்துட்டா.' அடுத்ததும் காலண்டர் தாள், எழுத்து பெரிது: 'கதவு.' மூன்றாவதில் காகிதம் கிழியும்படி அழுத்தி: 'கதவு.' ஐந்து துண்டுகள் அப்படி. மடிப்பையும் அழுக்கையும் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. கதவுக்கு அடியில் ஒவ்வொன்றாகத் தள்ளியிருக்கிறார்கள். தட்டினால் அவருக்குக் கேட்காது. அவர் வாசலுக்கு முதுகைக் காட்டி நுண்ணோக்கியில் குனிந்திருந்திருக்க வேண்டும். குழந்தை எப்போதோ வெளியே போயிருக்கிறது. கதவு அதன் பின்னால் தாழிட்டுக்கொண்டது.

அடுத்தது டாக்டர். 'தாடையில ஆறு தையல். எலும்புக்கு ஒண்ணும் இல்ல. பயப்படாதீங்க.'

அதற்கடுத்தது நீண்ட வால் ழகரம். 'எவ்வளவு நேரம் அழுதா?'

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தக் கையெழுத்து இல்லை. மறுநாளும் இல்லை, அதற்கு மறுநாளும். பால்காரர் இருந்தார், மாணவர்கள் இருந்தார்கள், பச்சை மை இருந்தது. மனைவி இல்லை. எண்ணிப் பார்த்தாள். இருபத்து மூன்று நாள்.

ஆனால் வீட்டிலிருந்து யாருமே பேசவில்லை என்று சொல்ல முடியாது. இரண்டாம் நாள் ஒரு சீட்டு, பென்சிலில், ஒவ்வொரு எழுத்தும் ஒரு பக்கமாகச் சாய்ந்து: 'அமமா சாபபிட சொலறா.' நான்காம் நாள்: 'சாவி எஙக.' ஆறாம் நாள்: 'அமமா கோவம.' புள்ளி வைக்கவே தெரியாத எழுத்து.

படம் மட்டும் போட்டுக்கொண்டிருந்த குழந்தை அந்த நாட்களில்தான் எழுதத் தொடங்கியிருந்தது. வீட்டில் வேறு யாரும் அவரிடம் பேசவில்லை. பேச்சைத் தூக்கிக்கொண்டு போக ஒரு ஆள் வேண்டியிருந்தது. தாடையில் கட்டோடு அது தூக்கிக்கொண்டு போனது.

பதினோராம் நாள் சீட்டைப் பெட்டியக்கா விளக்குக்குக் கிட்டே கொண்டுபோனாள். 'அமமா தலைவலி' என்று குழந்தை எழுதியிருந்தது. முதல் மகரத்தின் தலையில் ஒரு புள்ளி. அது குழந்தையின் பென்சில் அல்ல. சிவப்புப் பென்சில். பேராசிரியர் வைத்திருக்கிறார்.

நூல் முனை அட்டைகளைத் தவிர, ஒரு லட்சத்து நாற்பதாயிரம் சீட்டுகளில் அந்த மனிதர் பென்சில் வைத்த ஒரே இடம் அது.

பதின்மூன்றாம் நாள் குழந்தை எல்லா எழுத்துக்கும் புள்ளி வைத்திருந்தது, அம்மை போட்ட மாதிரி. பதினெட்டாம் நாள் வைக்க வேண்டிய இடத்தில் மட்டும் வைத்திருந்தது. இருபத்து நான்காம் நாள், நீண்ட வால் திரும்பி வந்தது.

'சாப்பாடு ஆறுது. எழுந்து வாங்க.'

பெட்டியக்கா அந்தத் துண்டைக் கீழே வைத்தாள். இத்தனை வருடத்தில் சக்கரவர்த்திகளின் முத்திரை பதித்த தாள்களைக்கூடத் தொட்டிருக்கிறாள். அதற்கெல்லாம் வேலையைப் பாதியில் விட்டதில்லை. எழுந்து வெளியே போய், சைக்கிள் நிறுத்துமிடத்தின் கூரைக்குக் கீழே மழையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

வீட்டில் சாப்பிடும்போது கணவரிடம் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, கையைக் கழுவப் போகாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"எவ்வளவு நேரம் அழுதான்னு அந்தம்மா கேட்டாங்களே, அதுக்கு அவர் என்ன சொன்னாரு?"

"தெரியாது. அவர் சொன்னது எதுவுமே கிடையாது."

"அவருக்கே தெரிஞ்சிருக்காதே" என்றார் அவர்.

வெறுமனே 'ஏழாம் வருடம், குடும்பத்தார் சீட்டுகள்' என்று பட்டியலில் எழுதிவிட்டுப் போயிருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. அவளுக்கு மனம் ஒப்பவில்லை. இது ஒரு வீட்டின் உள் விஷயம். அந்த வீட்டு ஆள் ஒருத்தி உயிரோடு இருக்கிறாள். மறுநாள் போன் செய்தாள். பேராசிரியரின் மகள் பிசியோதெரபிஸ்ட். பின்னால் யாரோ வலியில் முனகும் சத்தம் கேட்டது.

"அந்தக் குப்பையை இன்னுமா வச்சிருக்கீங்க?"

"படிச்சுட்டிருக்கோம்மா. ஒரு மாசத்து நூலை நீங்க ஒரு தடவை பார்த்தா நல்லது."

"எங்கம்மா கோபத்துல எழுதினதெல்லாம் அதுல இருக்கும். அதை ஊர் படிக்கணுமா? எரிச்சிடுங்க."

"எரிக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கும்மா. பார்த்துட்டு சொல்லுங்க."

"புதன்கிழமை வரேன்" என்று மட்டும் பதில் வந்தது.

வந்தவளுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். வேகமான நடை, சுருட்டிவிட்ட சட்டைக் கை. தாடையின் கீழே வெள்ளைக் கோடாக ஒரு தழும்பு. உட்காரும் முன்பே பேச ஆரம்பித்துவிட்டாள்.

"உங்களுக்கு இதெல்லாம் அதிசயமா இருக்கும். எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? எல்லாப் பிள்ளைங்களும் அப்பான்னு ஒரு கத்து கத்தும், அவங்கப்பா திரும்பிப் பார்ப்பாரு. நான் பென்சிலைத் தேடணும். பென்சில் கிடைக்கறதுக்குள்ள சொல்ல வந்தது மறந்துடும். கரண்ட் போச்சுன்னா அதுவும் இல்லை. இருட்டுல அவர் உள்ளங்கையில விரலால எழுதுவோம், நானும் அம்மாவும். கூசுதுன்னு சிரிப்பாரு."

"உள்ளங்கையிலயா?"

"ஆமா. அது உங்க பெட்டியில இருக்காது."

பெட்டியக்கா அந்த நூலை அவள் முன்னால் வைத்து, எங்கிருந்து படிக்கவேண்டும் என்று மட்டும் காட்டிவிட்டு, தன் மேசைக்குப் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். பின்னால் காகிதம் புரளும் ஓசை கேட்டது. நின்றது. வெகுநேரம் கேட்கவேயில்லை.

"அக்கா."

திரும்பினாள். அதுவரை 'மேடம்' என்று கூப்பிட்டவள்.

"நான் தானா எழுதக் கத்துக்கிட்டேன்னு அம்மா எல்லார்கிட்டயும் பெருமையா சொல்வாங்க. யாரும் சொல்லித் தரலை, ஒரே மாசத்துல எழுதிட்டான்னு. எந்த மாசம்னு சொன்னதே இல்லை."

"உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"விழுந்தது இருக்கு. தையல் போட்டது இருக்கு. அம்மா பேசாம இருந்தது சுத்தமா இல்லை. இந்தச் சிவப்புப் புள்ளி..." விரலை அதன் மேல் கொண்டுபோனாள், தொடவில்லை. "அவர் கிட்ட சிவப்புப் பென்சில் ஒண்ணு இருந்துச்சு. புல்லு படத்துல அளவு குறிக்கறதுக்கு. என்னைத் தொட விடமாட்டாரு."

பெட்டியக்கா அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் குடிக்கவில்லை, டம்ளரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சத்தமே இல்லாமல்.

பிறகு நன்கொடைப் படிவத்தை எடுத்தாள். ஐம்பது வருடம் யாருக்கும் காட்டக் கூடாது என்று எழுத அதில் ஒரு இடம் உண்டு. பேனாவை அங்கே கொண்டுபோய் நிறுத்தினாள்.

"இதைப் படிக்க யார் வருவாங்க?"

"பேச்சு மொழியை ஆராய்ச்சி பண்றவங்க வருவாங்க. காது கேக்காதவங்க வரலாம். மத்தபடி யாருன்னு எனக்கும் தெரியாதும்மா."

அவள் யோசித்து எழுதினாள். அக்கம்பக்கத்தார் நம்பிச் சொன்னவை முப்பது வருடம் மூடியிருக்கட்டும். தன் வீட்டுப் பேச்சு முழுவதும் திறந்திருக்கட்டும். கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். "அந்த ஒரு மாசத்து நூலை மட்டும் அறுக்காதீங்க."

"அறுக்கலை" என்றாள் பெட்டியக்கா. அதற்காக ஒரு தனிப் பெட்டி செய்தாள். துண்டுகள் ஒன்றையொன்று இழுக்காதபடி பஞ்சுத் திண்டு வைத்து, நூலோடு அப்படியே கிடத்தினாள். ஐந்நூற்று அறுபத்து மூன்று நூல்கள் உறைகளுக்குப் போயின. ஒன்று நூலாகவே இருக்கிறது.

ஒருமுறை வந்தவள் மாதத்துக்கு ஒரு புதன்கிழமை வர ஆரம்பித்தாள். பெட்டியக்கா பெயரிட்டு வைத்திருந்த கையெழுத்துகளுக்கு நிஜ ஆட்களைச் சொன்னாள். பச்சை மை அஞ்சல் அலுவலர். பெருமூச்சுக்காரர் அவள் தாய்மாமா. "ஆமா, நேர்லயும் அப்படித்தான். ஒரு வார்த்தை பேசினா மூணு பெருமூச்சு." இருநூற்றுப் பன்னிரண்டு முகமற்ற கையெழுத்துகளில் நூற்றுநாற்பதுக்கு முகம் கிடைத்தது. கடைசிப் பத்து வருடத்தில் நூல்கள் மெலிந்துகொண்டே போயிருந்தன. எல்லோர் கையிலும் போன் வந்து, சொல்ல வேண்டியதை அதில் தட்டிக் காட்டத் தொடங்கிவிட்டார்கள். மனைவி மட்டும் கடைசிவரை காகிதத்தில்தான் எழுதினாள். அவளுடைய கடைசிச் சீட்டு, 'ஃபேனைக் குறைங்க.'

சேகரிப்பு திறக்கப்பட்டது. மொழியியல் துறையிலிருந்து நான்கு பேர் ஒரு வருடமாக அதிலேயே கிடக்கிறார்கள். ஒரு மாணவி, பிறவியிலேயே காது கேளாதவள், தினமும் வந்து உட்கார்ந்து, குறிப்பு எதுவும் எடுக்காமல் வரிசையாகப் படிக்கிறாள். பதினோராம் வருடம் வரை வந்திருக்கிறாள். இயக்குநர் வாரத்துக்கு ஒருமுறை 'ஈரப்பதம் பார்க்கிறேன்' என்று இறங்கி வந்து, வாடகைக்காரர் விவகாரத்தில் விட்ட இடத்திலிருந்து படித்துவிட்டுப் போகிறார்.

போன புதன்கிழமை, இருபத்திரண்டாம் வருட உறை ஒன்றிலிருந்து மகள் ஒரு சீட்டை எடுத்தாள். அவளுடைய இருபது வயதுக் கையெழுத்து. 'அப்பா, நான் இவரைத்தான் கல்யாணம் பண்ணிக்கப்போறேன். யார் சொன்னாலும் மாத்திக்க மாட்டேன்.' படித்தவள் நாற்காலியில் சாய்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். படிப்பறையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னம்மா?"

"இதுக்கு அப்பா சொன்னது ஞாபகம் வந்துடுச்சு அக்கா. அம்மா சத்தம் போடுறாங்க, நான் அழறேன். அவர் இந்தச் சீட்டை வாங்கிப் படிச்சாரு. பின்னாடி ஏதாவது எழுதியிருக்கான்னு திருப்பிப் பார்த்தாரு. அப்புறம் ரொம்பக் கவலையா கேட்டாரு, 'அவர் கையெழுத்து புரியுமா?'"

பெட்டியக்காவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். சீட்டில் எழுதக் கூடாது, அது விதி. தனித் தாளில் சீட்டின் எண்ணைப் போட்டு, 'மகளின் நினைவிலிருந்து, பேராசிரியர் சொன்ன பதில்' என்று எழுதி, அந்த மூன்று சொற்களைக் கீழே எழுதினாள். ஒரு லட்சத்து நாற்பதாயிரம் சீட்டுகளுக்கு நடுவே அவர் குரல் முதன்முதலாகக் காகிதத்தில் ஏறியது. அதை இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு, மகள் பக்கம் தள்ளினாள்.

"சரியா இருக்கா பாருங்க."

"சரிதான். ஆனா சத்தமா சொன்னாருன்னு சேர்த்துக்குங்க. தெருவுக்கே கேட்டுச்சு."

அதையும் சேர்த்தாள்.